மார்கழிக் குளிரும் அப்பத்தாவின் கோழிக்கூடும்

குளிர்காலத்துக்குக் கோழிக்கூடு கட்டுவது எப்படி என்று இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் பனி கொட்டும் நாடுகளின் சமாச்சாரம். குடிதண்ணீர் உறையாமல் இருக்க ஹீட்டர், பலகைச் சுவருக்கு நடுவே பஞ்சு என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கள் உத்தரகோசமங்கையில் ஆருத்ரா தரிசனத்துக்கு விடிய விடிய நிற்கிற கூட்டம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டால் அதுதான் கடுங்குளிர். 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஆனாலும் அந்தப் பக்கங்களில் நமக்கு உதவுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறு கோழிகளைப் பறிகொடுத்த பிறகுதான் அதைப் படித்தேன் என்பது வேறு கதை.

ஒரு கார்த்திகை அடைமழை. அப்பத்தாவின் கோழிகள் நனையுமே என்று கூட்டைச் சுற்றித் தார்ப்பாயும் சாக்கும் கட்டி, ஒரு ஓட்டைகூட விடாமல் அடைத்தேன். பெரிய இன்ஜினியர் என்று நினைப்பு :-) நாலாம் நாள் சாக்கை விலக்கினால் மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. கோழிகள் வாயைத் திறந்து கரகரவென்று மூச்சு வாங்கின. கோழி விற்ற காசு அப்பத்தாவின் சொந்தக் காசு, யாரிடமும் கணக்குச் சொல்ல வேண்டாம். அதில் கை வைத்துவிட்டேன்.

கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரி. மேலே இறகுப் போர்வை வேறு. குளிரை அது தாங்கிக்கொள்ளும், ஈரத்தைத்தான் தாங்காது. மூச்சிலும் எச்சத்திலும் வருகிற ஈரம் வெளியே போக வழியில்லாவிட்டால் அம்மோனியா தங்கி மூச்சுக்குழலைக் கெடுக்கும். பனி நாடுகளில் கொண்டை கருகுவதற்கும் பாதிக் காரணம் அடைபட்ட ஈரம்தானாம். அதனால் அங்கேயும் கூரைக்கு அடியில், கோழி உட்காரும் கம்புக்கு மேலே, காற்றுவழி விடுகிறார்கள். நமக்கும் அதேதான். சாரல் அடிக்கிற வாடைப் பக்கத்தை மட்டும் மறைத்தால் போதும். தரையை ஒரு அடி மேடாக்கி உமி பரப்பி, நனைந்ததை அவ்வப்போது அள்ளிவிட வேண்டும்.

காற்றுவழி விட்டால் கள்ளன் வருவானே? வருவான். அங்கேதான் காசைப் போடச் சொல்கிறேன். கூரைக்குப் பனையோலை இருக்கிறது, காலுக்குச் சீமைக்கருவேலம் இருக்கிறது. செலவெல்லாம் வலைக்கு. கடையில் 'கோழி வலை' என்று தருகிற அறுகோண வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் லாயக்கு. நாய் கடித்து இழுத்தால் பிய்ந்துவிடும். அரைஅங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்கள். மரநாயின் கையும் நுழையாது. அதை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள். பெருச்சாளி சுவரோரம்தான் தோண்டும். வலை தட்டினால், நாலடி தள்ளிப்போய்த் தோண்ட அதற்குப் புத்தி கிடையாது.

கீரி பகல் திருடன், அதற்குக் கூடு உதவாது. குஞ்சுக்கோழிக்கு மட்டும் கூட்டை ஒட்டி ஒரு வலையடைப்பு வேண்டும். காக்கைக்கும் பருந்துக்குமாக மேலேயும் வலை. பெரிய கோழிகள் வழக்கம்போல மேயட்டும். நாள் முழுக்க அடைத்து வைத்தால் அது நாட்டுக்கோழியே இல்லை என்பது அப்பத்தாவின் கட்சி, எனதும்.

எந்த வலைக்கும் அடங்காதது வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் என்று அதற்கு ஒரு குளிர்ப் பிரதேசத்தின் பெயர், இமயமலைப் பகுதி ஊர். 1920-களின் கடைசியில் அங்கே கண்டறியப்பட்டதால் வந்த பெயர். ஆனால் இங்கே கோடையில்தான் வீட்டுக்கு வீடு துடைத்துப் போடும். எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கையில் ஒரு ஊசி, அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டால் போடுவார்கள். "கோழிக்கெல்லாமா ஊசி" என்று சிரிக்கிற பக்கத்து வீட்டுக்காரர்களோடு எனக்கு இன்னும் வழக்கு ஓடுகிறது.

புதுக் கூடு முக்கால்வாசி முடிந்துவிட்டது. கதவுக்கு இரண்டு கொக்கி போட வேண்டும் என்கிறேன். ஒன்று போதாதா என்கிறார் அப்பத்தா. மெஷ் வாங்கக் காசு கொடுத்தவர் அவர் என்பதால் அதிகம் பேச முடியவில்லை.