ஒயில் ஊத்த முதல் காத்து அடியுங்கோ



டெஸ்ற் பண்ணாமல் கோட் அனுப்புறவையை இந்தக் கிழமை பொட்காஸ்ற்றில் நல்லா ஏசினன். ஆனால் போன சனிக்கிழமை அதே பிழையை என்ர காரிலேயே விட்டிருந்தன்.

பிரஷர் பிளீடர் எண்டால், பிரேக் ஒயில் டாங்க் மூடிக்குப் பதிலா ஒரு அடாப்டரைப் பூட்டி, புது ஒயிலைக் காற்றழுத்தத்தால் தள்ளுறது. தனியாவே செய்யலாம், பெடலை மிதிக்கச் சொல்லித் தம்பியைக் கெஞ்சத் தேவையில்லை. நான் வாங்கினது 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' எண்ட, சங்கிலியால் இழுத்துக் கட்டுற தட்டு. ஒயிலை ஊத்தி 15 பிஎஸ்ஐக்கு பம்ப் பண்ணினன். ஓரத்தால் கசிஞ்சு மட்காட்டில் வழிஞ்சுது. பிரேக் ஒயில் பெயின்ற்றைத் தின்னும். உடனே தண்ணி ஊத்திக் கழுவியும் உள்ளங்கையளவு போயிட்டுது.

என்னைக் கேட்டால், அந்தத் தட்டு வேண்டாம். உங்கட காரின்ர மூடி மாதிரியே திருகிப் பூட்டுற அடாப்டரை வாங்குங்கோ. முதலில் பிளீடருக்குள் ஒயில் விடாமல், வெறும் காத்தை 10 பிஎஸ்ஐக்கு அடிச்சு, ஐஞ்சு நிமிஷம் முள்ளைப் பாருங்கோ. இறங்கினால் சவுக்காரத் தண்ணி தடவுங்கோ. குமிழி வாற இடம்தான் ஓட்டை. துடைச்சுக் காயவிட்டுத்தான் கழற்றோணும், ஏனெண்டால் பிரேக் ஒயிலுக்குள் தண்ணி போகக்கூடாது. இன்னும் இறுக்கினால் சரிவரும் எண்டு நினைக்காதேங்கோ, ரப்பர் வாசர்தான் கோணும். வசிலினும் பூசக்கூடாது, அந்த ரப்பர் ஊதிப்போகும். ரெண்டு துளி பிரேக் ஒயில் காணும்.

பெயின்ற் போனால் போகட்டும். டாங்க் வத்தி லைனுக்குள் காத்துப் போனால் பெடல் பஞ்சு மாதிரி அமரும். அப்பிடியிருந்தால் ரோட்டில் இறக்காதேங்கோ. எங்கட காரில் பின் சீற்றில் இருக்கிறது அம்மா. கடைசியில் மெக்கானிக்கை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காசு குடுத்தன்.