பேதுருவின் இரண்டு உறக்கங்கள்



லெந்து காலம் தொடங்கிவிட்டது. சாம்பற்புதன் முதல் ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை வரை, ஞாயிறுகளைக் கழித்தால் 40 நாட்கள். நம்மில் பல வீடுகளில் கறியும் மீனும் நின்றிருக்கும். சிலர் காபியை விட்டிருப்பார்கள், சிலர் தொலைக்காட்சித் தொடரை. ராத்திரி படுக்கையில் கைபேசியைத் தொடுவதில்லை என்று பிள்ளைகள் முடிவெடுத்திருப்பார்கள். இனிக் கோபப்படமாட்டேன், அதிகாலையில் எழுந்து ஜெபிப்பேன், ஒரு நாளும் தவறாமல் வேதம் வாசிப்பேன் என்ற தீர்மானங்களும் உண்டு. எல்லாமே நல்ல தீர்மானங்கள். கர்த்தர் அவற்றை ஆசீர்வதிப்பாராக.

ஆனால் அடுத்து நடப்பதும் நமக்குத் தெரியும். முதல் வாரம் வைராக்கியம் இருக்கும். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் தவறும், பிறகு இரண்டு நாள் தவறும். பாதி லெந்துக்குள் மனம் சோர்ந்துபோய், "என்னால் முடியாது, நான் அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறோம். பெரிய வெள்ளி ஆராதனையில் கண்ணீர் விடுகிறோம். அடுத்த வருஷம் அதே தீர்மானத்தை, அதே பலத்தோடு, மறுபடி எடுக்கிறோம்.

தீர்மானத்தில் பிழை இல்லை. யாருடைய பலத்தை நம்பி அதை எடுத்தோம் என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்கு லெந்து காலத்தின் கதைக்குள்ளேயே ஒருவர் பதிலாக நிற்கிறார். அவர் பேதுரு.

கடைசி இராப்போஜன இரவில் அவரைப்போல் உறுதியாகப் பேசியவர் வேறு யாரும் இல்லை. எல்லாரும் இடறினாலும் தான் இடறப்போவதில்லை என்றார். சிறைக்கும் சாவுக்கும் கூட வருவதாகச் சொன்னார். அதில் பொய் இல்லை, நடிப்பும் இல்லை. சில மணி நேரத்துக்குள் ஆயுதங்களோடு வந்த கூட்டத்துக்கு எதிரே ஒற்றை ஆளாகப் பட்டயத்தை உருவி, பிரதான ஆசாரியனுடைய வேலைக்காரன் மல்குஸின் காதை வெட்டியவரும் அவரே. அன்புக்கும் தைரியத்துக்கும் அவரிடம் குறைவில்லை.

குறைவு வேறொரு இடத்தில் இருந்தது. கெத்செமனேயில் விழித்திருந்து ஜெபிக்கும்படி ஆண்டவர் சொன்னபோது அவர் தூங்கினார். ஆண்டவர் மூன்று தடவை வந்து பார்த்தார், மூன்று தடவையும் தூக்கம்தான். பட்டயம் எடுக்கத் தெம்பு இருந்தது, முழங்காலில் நிற்க இல்லை. தன்னிடம் இருப்பது போதும் என்று நினைக்கிறவனுக்கு ஜெபிக்க அவசரம் எதுவும் இராது. சுயபலத்தின் முதல் அடையாளம் பெருமை என்று நாம் நினைக்கிறோம். பேதுருவின் கதையில் அது ஜெபமில்லாத தூக்கமாக வருகிறது. சேவல் கூவுவதற்குள் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கு முன்னால் அத்தனை உறுதியும் உதிர்ந்துபோயிற்று.

இங்கே லூக்கா ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். பேதுரு விழுவதற்கு முன்பே, அவருடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி இயேசு அவருக்காக வேண்டிக்கொண்டிருந்தார். திரும்பிவந்த பிறகு மற்றவர்களைத் திடப்படுத்தும் வேலையையும் அப்போதே கொடுத்துவிட்டார். ஆக, பேதுரு மனங்கசந்து அழுது திரும்பிவந்தது அவருடைய சபதத்தின் பலத்தால் இல்லை, ஆண்டவருடைய ஜெபத்தின் பலத்தால். இன்று தடுமாறி நிற்கிற நமக்கும் இதே நம்பிக்கைதான். நாம் ஜெபிக்க மறந்த இரவிலும் நமக்காகப் பரிந்து பேசுகிறவர் ஒருவர் இருக்கிறார்.

உயிர்த்தெழுந்த பிறகும் ஆண்டவர் சீஷர்களை உடனே ஊழியத்துக்கு அனுப்பவில்லை. உன்னதத்திலிருந்து பெலன் வரும்வரை எருசலேமிலேயே காத்திருக்கச் சொன்னார். பெந்தெகொஸ்தே நாளில் அதே பேதுரு எழுந்து பேசினார். அன்று ஏறக்குறைய 3,000 பேர் சேர்க்கப்பட்டார்கள். அலங்கார வாசலில் சப்பாணி எழுந்து நடந்தபோது ஜனங்கள் ஓடிவந்து ஆச்சரியத்தோடு பார்த்தார்கள். எங்கள் சொந்த சக்தியாலோ எங்கள் பக்தியாலோ இது நடந்ததுபோல் எங்களை ஏன் பார்க்கிறீர்கள் என்று பேதுரு கேட்டார். கெத்செமனேக்கு முன்னிருந்த பேதுருவின் வாயில் இந்தக் கேள்வி வந்திருக்காது.

பேதுரு தூங்கிய இன்னோர் இரவையும் வேதம் சொல்கிறது. அப்போஸ்தலர் 12ஆம் அதிகாரத்தில் ஏரோது அவரைச் சிறையில் அடைத்திருக்கிறான். யாக்கோபை ஏற்கெனவே பட்டயத்தால் கொன்றாயிற்று. விடிந்தால் பேதுருவை ஜனங்களுக்கு முன் கொண்டுவரத் திட்டம். நான்கு நான்கு பேராக 16 போர்ச்சேவகர் காவல், இரண்டு சங்கிலி, இருபுறமும் ஆள். இத்தனைக்கும் நடுவில் பேதுரு அயர்ந்து தூங்குகிறார். தூதன் வந்து விலாவில் தட்டி எழுப்பவேண்டியிருந்தது. வெளியே சபை அவருக்காக ஊக்கமாய் ஜெபித்துக்கொண்டிருந்தது. கெத்செமனேயில் தூங்கியவர் தன்னை நம்பித் தூங்கினார். சிறையில் தூங்கியவர் தேவனை நம்பித் தூங்கினார்.

இது அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்த கதை இல்லை. மிஷனெரிகளின் வரலாறு வாசிக்கிறவர்களுக்கு ஹட்சன் டெய்லரைத் தெரியும். 1832இல் இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் பிறந்து, 1854இல் சீனா போய்ச் சேர்ந்தவர். உடல்நலம் கெட்டு 1860இல் ஊர் திரும்பினார். சீனாவின் உள்மாகாணங்களில் சுவிசேஷம் கேளாமல் இருந்தவர்களின் பாரம் அவரை விடவில்லை. ஆட்களை அழைத்துப்போகவும் பயம். பசியும் வியாதியும் கலகமும் வந்து அவர்களில் யாராவது இறந்துபோனால் யார் பொறுப்பு? மாதக்கணக்கில் தூக்கமில்லாமல் தவித்தார்.

1865 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பிரைட்டன் நகரத்தில் ஆராதனைக்குப் போனவர், உள்ளே இருக்கமுடியாமல் எழுந்து கடற்கரைக்கு நடந்தார். அங்கேதான் அவருக்குத் தெளிவு வந்தது. நாம் கர்த்தருக்குக் கீழ்ப்படிகிறோம் என்றால் பொறுப்பு கர்த்தருடையது, நம்முடையது இல்லை. அங்கேயே 24 ஊழியர்களைக் கேட்டு ஜெபித்து, அதைத் தம் வேதாகமத்தில் குறித்துவைத்தார். இரண்டு நாளில் 10 பவுண்டு போட்டு வங்கிக் கணக்கும் திறந்தார். சைனா இன்லண்ட் மிஷன் அப்படித்தான் பிறந்தது. நிச்சயமான சம்பளம் இல்லை, யாரிடமும் பணம் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்பவை அதன் விதிகள்.

இவ்வளவு விசுவாசமுள்ளவருக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றும். ஆனால் 1868இல் சீனாவின் யாங்சௌ நகரில் ஒரு கும்பல் டெய்லர் குடும்பம் தங்கியிருந்த வீட்டைத் தாக்கித் தீ வைத்தது. கர்ப்பிணியாயிருந்த அவர் மனைவி மரியா மேல்தளத்திலிருந்து குதித்துத் தப்பவேண்டியிருந்தது. இங்கிலாந்தில் பத்திரிகைகள் மிஷனெரிகளையே குற்றம் சாட்டின. பாராளுமன்றத்திலும் கண்டனம் எழுந்தது. வேலைப் பளு, வியாதி, விமர்சனம் மூன்றும் சேர்ந்து டெய்லரை உள்ளுக்குள் உலுக்கின. எவ்வளவு முயன்றும் எரிச்சலும் கோபமும் தோல்வியுமாகவே நாட்கள் போயின. பரிசுத்தத்துக்காக உபவாசித்தார், தீர்மானங்கள் எடுத்தார், இன்னும் கூடுதலாக ஜெபிக்க முயன்றார். மிஷனின் பணத்தேவைக்குத் தேவனை நம்பியவர், தம் உள்ளான வாழ்க்கைக்குத் தம்மையே நம்பிக்கொண்டிருந்தார்.

1869 செப்டம்பரில் செஞ்சியாங் நகருக்குத் திரும்பியபோது, உடன் ஊழியர் ஜான் மெக்கார்த்தி எழுதிய கடிதம் காத்திருந்தது. விசுவாசத்தைப் பெருக்கிக்கொள்ள முட்டிமோதாமல், உண்மையுள்ளவராகிய கிறிஸ்துவை நோக்கிப் பார்ப்பதைப் பற்றி அதில் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் டெய்லரின் கண்ணைத் திறந்தது. யோவான் 15ஆம் அதிகாரம் அவருக்குப் புதிதாயிற்று. கொடி செடியிலிருந்து சாரத்தை இழுத்தெடுக்கப் போராடுவதில்லை, செடியோடு சேர்ந்திருக்கிறது, அவ்வளவே. ஊழியத்தைப் பிரைட்டன் கடற்கரையில் ஒப்படைத்தவர், தம்மை ஒப்படைக்க இன்னும் நாலு வருஷம் ஆயிற்று. நமக்கும் அப்படித்தான். பிள்ளையின் படிப்பை, வீட்டுக் கடனை, வேலையை ஆண்டவர் பாதத்தில் வைத்துவிடுகிறோம். நம் சுபாவத்தை மட்டும் நாமே திருத்திக்கொள்ளலாம் என்று கையில் வைத்துக்கொள்கிறோம்.

அதன்பின் டெய்லரின் பாதை இலேசானது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த வருஷமே, 1870இல், ஐந்து வயது மகன் சாமுவேல் இறந்தான். ஜூலையில் பிறந்த குழந்தை இறந்தது. சில நாட்களில் மரியாவும் 33 வயதில் போய்விட்டார். 1900இல் பாக்ஸர் கலகத்தில் அந்த மிஷனைச் சேர்ந்த பெரியவர்கள் 58 பேரும் பிள்ளைகள் 21 பேரும் கொல்லப்பட்டார்கள். வியாதிப்பட்டு சுவிட்சர்லாந்தில் இருந்த டெய்லருக்கு அந்தச் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாசிக்கவும் ஜெபிக்கவும்கூடத் திராணியில்லாத நிலையிலும் கர்த்தர்மேல் சாய்ந்திருந்தார். 1905இல் அவர் சாங்ஷாவில் மரித்தபோது அந்த மிஷனில் 800க்கும் மேற்பட்ட மிஷனெரிகள் இருந்தார்கள். தேவபலத்தை நம்புகிறவனுக்குத் துக்கம் வராது என்று பிரசங்கிப்பவர்கள் இந்த வாழ்க்கையைப் படிக்கவேண்டும்.

"அப்படியானால் நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாமா?" என்று ஒரு வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எருசலேமின் அலங்கத்தைக் கட்டிய நெகேமியா ஜெபமும் பண்ணினார், இரவும் பகலும் காவலும் வைத்தார். மற்ற எல்லாரையும்விட அதிகமாய்ப் பாடுபட்டதாகச் சொல்கிற பவுல், அதே மூச்சில் அது தானல்ல, தன்னோடிருந்த கிருபை என்கிறார். வேலையின் அளவு குறைவதில்லை, வேலையின் பாரம் இடம் மாறுகிறது.

டாக்டரிடம் போவதும் மருந்து சாப்பிடுவதும் விசுவாசக் குறைவு என்று யாரையும் பயமுறுத்தவேண்டாம். தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுலே வைத்தியம் சொல்லியிருக்கிறார். மனச்சோர்வில் இருக்கிறவருக்கும் இது பொருந்தும். உதவி தேவை என்று ஒத்துக்கொள்வது சுயபலத்தை விட்டதற்கு ஓர் அடையாளம்.

பலவீனம் நீங்கினால்தான் தேவபலம் வந்ததாக அர்த்தம் என்றும் இல்லை. பவுல் தம் மாம்சத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்று தடவை வேண்டிக்கொண்டார். முள் போகவில்லை, கிருபை வந்தது. நம் டோனாவூரில் பெற்றோரின் பாதுகாப்பில்லாத பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து அடிபட்டார். 1951 ஜனவரியில் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். புத்தகங்கள் பலவற்றை அந்த வருஷங்களில்தான் எழுதினார். சுகமானபின் ஊழியம் செய்யலாம் என்று அவர் காத்திருக்கவில்லை.

ஆகவே இந்த லெந்தில் நம்மை நாமே கொஞ்சம் சோதித்துப்பார்ப்போம். எல்லா வழியும் அடைத்த பிறகுதான் ஜெபம் நினைவுக்கு வருகிறதா? நான் இல்லாவிட்டால் இந்த ஓய்வுநாள் பள்ளியும் பாடகர் குழுவும் பெண்கள் ஐக்கியமும் நடக்காது என்ற எண்ணம் இருக்கிறதா? ஒரு நாள் ஓய்வெடுத்தால் குற்றவுணர்வு வருகிறதா? சபையில் சாந்தமாயிருந்து வீட்டில் எரிந்து விழுகிறோமா? இதற்கெல்லாம் ஆம் என்றால், நாம் ஓடிக்கொண்டிருப்பது நம் சொந்தத் தெம்பில்தான்.

செய்யவேண்டியது கடினமானதில்லை. எடுத்த தீர்மானத்தைக் கைவிடவேண்டாம். காலையில் அதைத் தொடங்குமுன், "ஆண்டவரே, இது என்னால் ஆகாது, நீர் எனக்குள் செய்யும்" என்று சொல்லுங்கள். பிறகு எழுந்து செய்யுங்கள். தவறிப்போனால் அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே அவரிடம் திரும்புங்கள், ஈஸ்டர் வரை தள்ளிப்போடவேண்டாம். தனியாகப் போராடாமல் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, சேர்ந்து ஜெபியுங்கள். பேதுருவுக்காக ஒரு சபை முழுவதும் ஜெபித்ததல்லவா?

சபை மூப்பர்களுக்கும் கமிட்டி உறுப்பினர்களுக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் போதகரும் அவர் குடும்பமும் கடைசியாக எப்போது ஓய்வெடுத்தார்கள் என்று விசாரியுங்கள். லெந்து முழுவதும் கூட்டத்துக்குமேல் கூட்டம் வைத்து அவர்களைச் சுயபலத்தில் ஓடவைக்காதீர்கள். ஈஸ்டர் முடிந்ததும் ஒரு வாரமாவது விடுப்புக் கொடுத்து அனுப்புங்கள்.

உங்களுக்காக ஜெபிக்கிறோம். எங்களுக்காகவும், இந்தப் பத்திரிகை ஊழியத்துக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
ஆசிரியர்