வாய் உயிரணுப் பரிசோதனை: வழிகாட்டியே, தீர்ப்பு அன்று

“ஊசி குத்தாமல், கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டியே சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கலாமாமே, டாக்டர்?” என்று புறநோயாளிப் பிரிவில் எங்களிடம் கேட்போர் உண்டு. அக்கேள்விக்குப் பின்னுள்ள அச்சத்தை நாங்கள் அறிவோம். அதனாலேயே எங்கள் கருத்தைத் தெளிவாகக் கூற விரும்புகிறோம்.

இப்பரிசோதனை எளிமையானது. சிறு தூரிகையால் கன்னத்தின் உட்புறத்தை மெல்லத் தேய்த்து, ஒட்டிவரும் உயிரணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் அளவிடுவர். நீரிழிவு உள்ளோரிடம் இவ்வுயிரணுக்களின் உட்கரு சராசரியாகப் பெரிதாக இருப்பதை இந்தியாவிலும் பிற நாடுகளிலும் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. உயிரணுக்கள் புதுப்பிக்கப்படும் வேகம் குறைவது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஆனால் புகையிலை, வெற்றிலைபாக்குப் பழக்கம், இரத்தசோகை, முதுமை ஆகியவையும் இதே உயிரணுக்களை மாற்றக்கூடும். எனவே உட்கரு பெரிதாயிருப்பதை மட்டும் வைத்து ஒருவருக்கு நீரிழிவு என்று கூற இயலாது. அதைவிட ஆபத்தானது, ‘வாய்ப் பரிசோதனையில் ஒன்றுமில்லை’ என்று நம்பி இரத்தப் பரிசோதனையைத் தவிர்ப்பதாகும். நோய் ஓசையின்றிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் தாக்கிக்கொண்டிருக்கும்.

நோயை உறுதிசெய்வது இரத்தமே. வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மி.கி. அல்லது அதற்கு மேல், அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 6.5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்கிறோம். அறிகுறி இல்லாதவர்க்கு மறுபரிசோதனையும் செய்து உறுதிப்படுத்துகிறோம்.

அப்படியெனில் வாய்ப் பரிசோதனை வீணா? இல்லை. 2023இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளதாக மதிப்பிட்டது. அவர்களுள் பலர் அதை அறியாதவர்கள். பல்வலிக்காகவோ ஈறு வீக்கத்திற்காகவோ பல் மருத்துவரிடம் செல்வோர், வேறெந்தப் பரிசோதனைக்கும் வராதவர்களாக இருக்கலாம். அங்கே வாயில் தெரியும் மாற்றம் அவர்களை அன்றே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புமாயின், அதுவே இம்முறையின் பெரும் பயன்.

எனவே ஈறில் அடிக்கடி இரத்தம் கசிந்தாலோ, வாய் வறண்டாலோ, பெற்றோருக்கு நீரிழிவு இருந்தாலோ, முப்பது வயதைக் கடந்திருந்தாலோ, வாய்ப் பரிசோதனைக்காகக் காத்திராதீர்கள். ஒரு துளி இரத்தம் தருவது ஒரு நொடி வலிதான். உங்களுடன் வரும் உறவினரையும் அன்றே பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.