துடைப்பம் யார் கையில்?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஜப்பானியரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நம்மில் பலர் ஒரே மூச்சில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம்: "ஒழுங்கு அவர்கள் இரத்தத்தில் ஊறியது, நமக்கு வராது." கேட்பதற்கு இது புகழ்ச்சி போலத் தோன்றும். உண்மையில் இது நம் சோம்பலுக்கு நாமே விரித்துக்கொள்ளும் பாய். இரத்தத்தில் இருப்பதை முயன்று பெற முடியாதே; பிறகு முயல்வானேன்? இக்கூற்று தவறு என்பதே என் கருத்து. அதற்கான சான்றை ஜப்பானியரிடம் தேட வேண்டியதில்லை. அங்கே குடியேறி வாழும் வெளிநாட்டுக் குடும்பங்களிடமே அது கிடைக்கிறது.

சோதனைச்சாலையில் நாம் என்ன செய்கிறோம்? மற்றவற்றை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றி, விளைவு மாறுகிறதா என்று பார்க்கிறோம். கடல் கடந்து செல்லும் குடும்பமும் அத்தகைய ஒரு சோதனைதான். மனிதர்கள் அவர்களே, நாக்கும் அதே நாக்கு. மாறியது ஊரின் ஏற்பாடு மட்டுமே.

டோக்கியோவில் எதோகாவா வட்டத்தில் நிஷிகசாய் என்றொரு பகுதி உண்டு. 2000ஆம் ஆண்டையொட்டிக் கணிப்பொறிப் பணிக்குச் சென்ற இந்தியர் பலர் அங்கே குடியமர்ந்தனர். அலுவலகங்கள் நிறைந்த ஓத்தேமாச்சிக்கு அங்கிருந்து நேராக ரயில் செல்வது ஒரு காரணம். 2024 இறுதிக் கணக்குப்படி ஜப்பானில் வாழும் வெளிநாட்டினர் 37 இலட்சத்துக்கும் மேல். அவர்களுள் இந்தியர் ஐம்பதாயிரத்துக்கும் மேல். என் பெரியம்மாவின் மகளும் தன் கணவர், இரு குழந்தைகளுடன் நிஷிகசாயில்தான் வாழ்கிறார். அக்கா தொலைபேசியில் சொல்லும் கதைகளைக் கேட்பது எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைத் திருவிழா!

முதல் வாரத்திலேயே அக்காவுக்குக் குப்பை ஆசிரியராக வந்தது. எரியும் குப்பைக்கு ஒரு நாள், புட்டிக்கும் தகர டப்பாவுக்கும் ஒரு நாள், பழைய தாளுக்கு ஒரு நாள் என்று அட்டவணை உண்டு. பாட்டிலின் மூடியைக் கழற்றி, மேலுறையை உரித்து, கழுவி வைக்க வேண்டும். பால் அட்டைப்பெட்டியைக் கழுவி, வெட்டி விரித்து, உலர்த்த வேண்டும். பிரிக்காமல் கட்டிவைத்த பையைக் குப்பை வண்டி எடுத்துச் செல்லவில்லை. காரணம் எழுதிய சீட்டு ஒன்றை ஒட்டிவிட்டுப் போய்விட்டது. தெருவே பார்க்க, அந்தப் பை அங்கேயே இருந்தது! ஆறு மாதத்தில் அக்கா புதிதாகக் குடிவந்த வேறொரு குடும்பத்துக்குப் பாடம் எடுக்கும் நிலைக்கு உயர்ந்துவிட்டார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். முப்பத்திரண்டு வயதில் அது மாறியதே, எப்படி?

சாப்பாட்டில் வேறு சோதனை. காய்கறிச் சாறு என்று நம்பி வாங்கினால் அதில் மீன் இருக்கும். நம் மாசிக் கருவாட்டைப் போல உலர்த்திய சூரைமீனைச் சீவி வேகவைத்த சாறுதான் அந்நாட்டுச் சமையலுக்கு அடிப்படை. சைவரான அத்தான் கடையில் பொட்டலத்தின் பின்புறத்தைப் படித்துப் படித்தே எழுத்துக் கற்றுக்கொண்டார்! நிலநடுக்கமோ குழந்தைகளுக்குப் பாடம். பள்ளியில் பழகியபடி, வீடு ஆடியதும் எட்டு வயது மகள் மேசைக்கடியில் புகுந்துகொண்டு, "அம்மா, தலையை மூடு!" என்று கட்டளையிட்டாளாம்.

ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தது அந்தப் பள்ளியின் மற்றொரு வழக்கம். நாள்தோறும் பிள்ளைகளே வகுப்பறையைப் பெருக்குகிறார்கள். ஈரத்துணியால் தரையைத் துடைக்கிறார்கள். பல பள்ளிகளில் கழிப்பறையும் அவர்கள் பொறுப்பே. மதிய உணவையும் வெள்ளை மேலங்கி அணிந்து முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். மருத்துவர் மகனும் கடைக்காரர் மகளும் நம் அக்காவின் மகளும் ஒரே வரிசையில் குனிந்து தரை துடைக்கிறார்கள். அங்கே துடைப்பம் எவர் குலத்துக்கும் அடையாளமன்று.

இவ்வொழுங்கு பிறவிக் குணமன்று என்பதற்கு டோக்கியோவின் வரலாறே சாட்சி. 1965இல் அந்நகரின் குப்பை கொட்டப்பட்ட யுமெனோஷிமா தீவிலிருந்து ஈக்கள் படைபடையாகக் கிளம்பிக் கோத்தோ வட்டத்து மக்களை வாட்டின. 1971இல் ஆளுநர் மினோபே ரியோகிச்சி 'குப்பைப் போர்' என்றே அறிவிக்க வேண்டியதாயிற்று. தம் பகுதியில் எரிஉலை வேண்டாம் என்று சுகினாமி வட்டத்தார் எதிர்க்க, அவர்களுடைய குப்பை வண்டிகளைக் கோத்தோ வட்டத்தார் மறித்தனர். 1975இல் நுமாசு நகரம் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்கும் முறையைத் தொடங்கி மற்ற ஊர்களுக்கு வழிகாட்டியது. 2003இல் குப்பையில்லா ஊராவோம் என்று அறிவித்த கமிகாட்சு என்னும் சிற்றூர், குப்பையை நாற்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கிறது. சண்டையும் நாற்றமும் கண்டபின் வகுத்த ஏற்பாடு இது, இரத்தத்தில் வந்ததன்று!

ஜப்பானைப் பாடிப் பரவுவது என் நோக்கமன்று. அங்கே வேலையைப் பகிர்ந்த அளவுக்கு உரிமை பகிரப்படவில்லை. 2017இல் வெளியான அந்நாட்டு நீதி அமைச்சகத்தின் ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டினருள் ஏறத்தாழ 39 விழுக்காட்டினர் 'வெளிநாட்டவர்' என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகக் கூறினர். நிஷிகசாயில் இந்தியர் திரண்டதற்கு, பிணையாளும் 'நன்றிப் பணமும்' கேட்காத அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகள் அங்கிருந்ததும் ஒரு காரணம். கட்டாயக் கல்விச் சட்டம் வெளிநாட்டுப் பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவதில்லை. பெற்றோர் கேட்டால் இடம் உண்டு. ஆனால் கேட்கத் தெரியாத பெற்றோரின் பிள்ளை? 2019இல் நடந்த முதல் நாடு தழுவிய கணக்கெடுப்பில், பள்ளிக்குப் போகாதவர்களும் போகிறார்களா என்று உறுதி தெரியாதவர்களுமாக 19,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இருந்தனர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படிவம் நிரப்பத் தெரியாத பெற்றோரின் பிள்ளைக்கு ஒரு வாசல் எவ்வளவு எளிதில் மூடிக்கொள்ளும் என்பதை நான் பிறர் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. குப்பையைச் சரியாகப் பிரிப்பவனுக்குக் குடியிருக்க வீட்டை மறுப்பது ஒழுங்காகாது. கடமையைக் கற்பிக்கும் ஊர், உரிமையையும் கூடவே தர வேண்டும்.

இவ்வளவும் நான் ஏன் எழுதுகிறேன்? என் தாயார் ஒரு பள்ளியில் பெருக்கும் பணி செய்கிறார். அவர் பெருக்கி முடித்த தரையில், அவர் கண் முன்பாகவே கடலைத் தோலை வீசிச் செல்லும் மாணவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். "எடுப்பதற்கு ஆள் இருக்கிறது" என்ற ஏற்பாட்டில் வளர்ந்தவர்கள், அவ்வளவுதான்.

"மாணவர் பெருக்கினால் உன் தாயாரின் பிழைப்பு என்னாகும்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜப்பானியப் பள்ளிகளிலும் பராமரிப்புக்கென ஊழியர் உண்டு. பழுது பார்ப்பதும் தோட்டத்தைப் பேணுவதுமாக அவர்களுக்கு வேலை இருக்கிறது, சம்பளமும் இருக்கிறது. நம் கல்லூரியிலும் ஊழியரின் வேலையில் கை வைக்க வேண்டாம். அவ்வேலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இழிவைத்தான் துடைத்தெறிய வேண்டும்.

மாணவ நண்பர்களே! நாள்தோறும் கடைசி மணி அடித்ததும் பத்து நிமிடம் நம் வகுப்பறையை நாமே பெருக்குவோம். சோதனைச்சாலை மேசையை நாமே துடைப்போம். ஆசிரியப் பெருமக்களும் உடன் நின்றால் எங்களில் எவருக்கும் கூச்சம் இராது. நாடு மாறிய ஒரு குடும்பம் ஆறு மாதத்தில் கற்றதை, நாடு மாறாமலே நாம் ஒரு பருவத்தில் கற்க முடியாதா? முடியும். தேவை இரண்டே: ஒரு முறைப்பட்டியல், ஒரு துடைப்பம். இரண்டுக்கும் கல்லூரியில் பஞ்சமில்லை.