புதுவை என்ன, களியாட்டப் பூங்காவா?

களியாட்டப் பூங்கா நடத்துவோன் கணக்கு மிக எளிது. இந்தக் கோடை விடுமுறைக்குள் எத்தனை நுழைவுச்சீட்டு விற்கும்? முகப்புக்கு வண்ணம் பூசினால் எத்தனை பேர் கூடுவர்? இவ்விரண்டே அவன் கேள்விகள். சுழலும் பொறியின் அச்சு தேய்ந்ததா, தாங்கும் தூண் துருவேறியதா என்று ஆராய்வதற்குச் செலவுண்டு. அச்செலவைக் கண்டு கைதட்டுவார் ஒருவரும் இலர். ஆகவே அது அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்படும்.

வேலிக்குள் நடக்கும் இக்கணக்கு ஒரு நகரத்தையே பற்றிக்கொண்டால் என்னாகும்? புதுச்சேரிக் கடற்கரையில் நின்று பார்ப்பார்க்கு விடை தானே விளங்கும்.

அங்கு ஒருகாலத்தில் அகன்ற மணற்பரப்பு இருந்தது. 1980-களின் இறுதியில் அரியாங்குப்பத்தாற்று முகத்தில் துறைமுகத்திற்கென அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பெற்றன. அக்கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதியும் மணல் தெற்கிருந்து வடக்கே நகர்வது. சுவர் அதனை மறித்தது. தடைப்பட்ட மணலை எடுத்து வடபுறம் சேர்க்கவேண்டும் என்பது முன்னரே அறிந்த செய்தி. ஆயினும் அப்பணி முறையாக நடந்ததில்லை. சுவர் கட்டினால் திறப்புவிழா உண்டு. ஆண்டுதோறும் மணல் அள்ளிப் போடுவதற்கு விழா ஏது? விளைவு, நகரின் மணற்கரை கடலுள் மறைந்து கருங்கற் குவியலே எஞ்சிற்று. வைத்திக்குப்பம், சோலைநகர், அப்பாலுள்ள பொம்மையார்பாளையம் முதலிய ஊர்களின் மீனவர், படகேற்றவும் வலையுலர்த்தவும் இருந்த கரையை இழந்தனர். 2018-இல் கடலடியில் எஃகுப் பேழையொன்றை இறக்கிய பின்னரே தலைமைச் செயலகத்தின் எதிரே சிறிது மணல் மீண்டது. சுற்றுலாவினர் நிற்குமிடத்தில் மணல் வந்தது. மீனவன் படகு நிற்குமிடத்தில்?

கடற்கரைச் சாலையிலேயே இன்னொரு சான்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த மேரி கட்டடம் பல்லாண்டு பழுதுற்றுக் கிடந்தது. புதுக்குவோம் என்னும் பேச்சு நடந்துகொண்டேயிருந்தது. 2014 நவம்பர் 29 அன்று மழையில் அது இடிந்து வீழ்ந்தது. அதன்பின் உலக வங்கியின் பொருளுதவியோடு, ஏறத்தாழ 15 கோடி உருபாவில், பழைய உருவிலேயே புதிய கட்டடம் எழுப்பி 2021 பிப்பிரவரியில் திறந்தனர். ஒழுகிய கூரையை உரிய காலத்தில் அடைத்திருந்தால் மூலமே நின்றிருக்கும். இன்று நிற்பது அதன் படியே. 2022 மார்ச்சில் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதியும் கடலுள் சரிந்தது. அதன் எதிரில் நின்று படமெடுத்தோர் எண்ணிறந்தோர். அதன் தூண்களைப் பேணியோர் யாவர்?

இவற்றினும் கொடிது, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே ஓசையின்றி நடக்கும் அழிவு. தெருவை நோக்கிய தாழ்வாரம், வழிச்செல்வோர் அமர்ந்து இளைப்பாறத் திண்ணை, உள்ளே தூண் சூழ்ந்த முற்றம், மேல்மாடியில் பிரெஞ்சுச் சாயல் என அமைந்த தமிழர் வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அங்குக் கற்காரைப் பெட்டிகள் எழுகின்றன. வாய்க்காலுக்குக் கிழக்கே உள்ளதையோ 'ஒயிட் டவுன்' என்று கூவி விற்கின்றனர். தமிழனை மேற்கே ஒதுக்கி, வெள்ளையன் தனக்கென வைத்துக்கொண்ட பகுதியின் பெயரன்றோ அது! 1954 நவம்பர் முதல் நாளோடு ஆட்சி போயிற்று; அவன் இட்ட வேலிப் பெயர் மட்டும் உணவகப் பலகைதோறும் ஒளிர்கின்றது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே உரோமரோடு வாணிகம் நடந்த அரிக்கமேடு அருகிலிருந்தும், அதனைத் தேடிச் செல்வார் எத்தனை பேர்?

சுற்றுலாவால் பலர்க்குப் பிழைப்புக் கிடைக்கின்றதே என்பர் சிலர். உண்மை, அதனை மறுப்பார் இலர். ஆனால் வருவோர் எதனைக் காண வருகின்றனர்? கடலையும் கரையையும் பழந்தெருக்களையும் அல்லவா? அவற்றையே தின்று கொழுக்கும் வாணிகம் எத்தனை ஆண்டு நிற்கும்? விதைநெல்லைக் குற்றி விருந்து வைத்தவன் வீட்டில் அடுத்த ஆண்டு அடுப்பு எரியாது.

செய்ய இயலாத செயலும் இஃதன்று. வைசியாள் வீதியில் அரசும் மரபுக் காப்பாளரும் வீட்டுடையாரும் கைகோத்துத் தமிழர் வீடுகளின் முகப்பைச் செப்பனிட்டனர். அப்பணிக்கு 2008-இல் யுனெசுகோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. ஒரு தெருவில் முடிந்தது ஏனைத் தெருக்களில் ஏன் முடியவில்லை? வீட்டைக் காப்பவனுக்குக் கைகொடுப்பார் இன்மையால், இடிப்பதே ஊதியமாகின்றது.

ஆகவே, சுற்றுலாவால் வரும் வருவாயில் ஒரு பங்கு பேணுகைக்கென்றே சட்டத்தால் ஒதுக்கப்படல் வேண்டும். பழம்வீடு காப்பார்க்கு வரிக்குறைப்பும் பொருளுதவியும் வேண்டும். மணல் நகர்த்தும் பணி ஆண்டுதோறும் தவறாது நடத்தல் வேண்டும். தெருக்களும் கடைகளும் தமிழ்ப் பெயர் தாங்கல் வேண்டும்.

பாவேந்தர் பிறந்த மண் இது. பூங்கா பொய்த்தால் நடத்துவோன் கதவடைத்து வேறு தொழில் தேடுவான். புதுவைத் தமிழன் ஊரைப் பூட்டிவிட்டு எங்கே போவான்?