நடு மலையில் அணையும் விளக்குகள்: லோயர் கேம்ப் ஓட்டுநர்களின் தீராத தவிப்பு

தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பில் இருந்து கேரள எல்லையிலுள்ள குமுளிக்கு ஏறும் மலைச்சாலை ஆறேழு கிலோமீட்டர்தான். மழைக்காலத்தில் மேகம் இறங்கிவிட்டால், பாரம் ஏற்றிய லாரியில் இருக்கும் எங்களுக்கு அடுத்த கொண்டை ஊசி வளைவே தெரிவதில்லை. 2022 டிசம்பரில் ஐயப்ப பக்தர்கள் சென்ற வாகனம் இச்சாலையில் இரவில் பள்ளத்தில் கவிழ்ந்து 8 பேர் இறந்தனர். அந்த விபத்துக்கு விளக்கு ஒயரிங் காரணம் என்று கூறவில்லை. இந்த மலை இரவில் சிறு தவறையும் பொறுக்காது என்பதற்காகச் சொல்கிறோம்.

அந்தப் பயத்தில்தான் லாரிக்காரர்களும், ஏலத் தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்காரர்களும் ஃபாக் லைட் மாட்டுகின்றனர். மாட்டும் முறையில்தான் பல ஆண்டுகளாக ஆபத்து இருக்கிறது. ஹெட்லைட் ஒயரைச் சுரண்டி, அதிலேயே புது ஒயரை முறுக்கி, டேப் சுற்றி முடித்துவிடுகிறார்கள். ரிலே கிடையாது, தனி ஃப்யூஸ் கிடையாது. 70 வாட் பல்பு இரண்டு, 24 வோல்ட் லாரியில் சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட் ஜீப்பிலோ சுமார் 12 ஆம்பியர். ஹெட்லைட்டுக்கு மட்டும் கணக்கிட்ட ஒயரும் சுவிட்சும் இந்தக் கூடுதல் சுமையில் சூடாகின்றன. ஹெட்லைட் ஃப்யூஸ் போனால் அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்றுவதும் நடக்கிறது. பிறகு உருகுவதற்கு ஒயர்தான் மிச்சம். வளைவின் நடுவில் மொத்த விளக்கும் அணைந்து, கேபினில் புகை வந்தால் ஓட்டுநர் என்ன செய்ய முடியும்?

டேப் செட், சார்ஜருக்காக 24 வோல்ட் லாரியின் இரண்டு பேட்டரிகளில் ஒன்றில் இருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது இன்னொரு கோளாறு. அந்த பேட்டரி சார்ஜ் இறங்கிக் கிடக்க, மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகி, இரண்டுமே வீணாகின்றன. 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் கன்வெர்ட்டர் வாங்கும் செலவைவிட இந்த நஷ்டம் பெரிது.

சோதனையில் பிடித்தால் அபராதம் விதிக்கிறார்கள், விளக்கைக் கழற்றச் சொல்கிறார்கள். எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் விளக்கைக் கழற்றத்தான் வேண்டும். அதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அனுமதிக்கப்பட்ட விளக்கு எது, அதைப் பம்பர் அருகில் எவ்வளவு தாழ்வாகப் பொருத்துவது, எந்தக் கனத்தில் ஒயர் போடுவது என்று சொல்லித்தர இதுவரை யாரும் வரவில்லை. ஒவ்வொரு சபரிமலை சீசனுக்கு முன்பும் முகாம் நடத்துவோம், வளைவுகளில் பிரதிபலிப்பான்களைப் புதுப்பிப்போம் என்று அதிகாரிகள் தரப்பில் பேச்சு எழும். மகரஜோதி முடிந்ததும் அந்தப் பேச்சும் அடங்கிவிடும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. கம்பம், கூடலூர் பகுதி ஆட்டோ எலக்ட்ரீசியன்களுக்கு இரண்டு நாள் பயிற்சி தரலாம். பேட்டரி அருகிலேயே ஃப்யூஸ், விளக்குக்குத் தனி ரிலே, தகரத் துளைகளில் ஒயர் உரசாமல் ரப்பர் வளையம், துரு சுரண்டிய இடத்தில் எர்த் ஆகியவற்றை அவர்கள் வழக்கமாக்கினாலே பாதி விபரீதம் தீரும். மலையடிவாரத்தில் இலவசப் பரிசோதனை மையம் ஒன்றை இரவிலும் இயக்க வேண்டும். குறை கண்டால் முதல் முறை அபராதத்துக்குப் பதில், சரிசெய்ய ஒரு வாரம் அவகாசம் தர வேண்டும். வளைவுகளில் மங்கிப்போன பிரதிபலிப்பான்களை மாற்றும் பணியையும் சேர்த்து, இவை அனைத்தையும் வரும் கார்த்திகை முதல் தேதிக்குள் அதிகாரிகள் முடித்துத் தர வேண்டும்.