விழித்திருக்க ஒன்று, உறங்க ஒன்று

குடிப்பவரைப் பற்றி நம்மிடம் இரண்டே கதைகள் இருக்கின்றன. மனவுறுதி இல்லாதவர் தாமே கெட்டழிந்தார் என்பது ஒன்று. அரசாங்கம் தெருவுக்குத் தெரு கடை திறந்து அவரைக் கெடுத்தது என்பது மற்றொன்று. பட்டிமன்றங்களுக்கு இவை போதும். (இலக்கியக்காரர்களிடம் மூன்றாவதாக ஒரு கதை உண்டு: குடி படைப்பூக்கத்தின் தோழன் என்பது. அதைச் சொல்பவர்கள் அந்தந்த எழுத்தாளரின் மனைவியிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.) மாதவரம் லாரி முனையத்தை ஒட்டிய சாலைகளில் நடந்து பார்த்தால் இவ்விரண்டு கதைகளுமே அங்கே முழுதாகப் பொருந்துவதில்லை என்பது விளங்கும்.

ஜி.என்.டி. சாலையும் இருநூறடி உள்வட்டச் சாலையும் கடந்து செல்லும் மாதவரம், வடக்கிலிருந்து வரும் சரக்குகளுக்குச் சென்னையின் தலைவாசல். கிழக்கே மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அதற்கப்பால் எண்ணூர், தென்கிழக்கே துறைமுகம். துறைமுக வாயிலை நோக்கி கன்டெய்னர் டிரெய்லர்கள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்ற காட்சியை வடசென்னைக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்தவர்கள். அந்த வரிசையில் நிற்கும் ஓட்டுநர் வண்டியை விட்டு நகர முடியாது. வரிசை எப்போது நகரும் என்பதும் அவருக்குத் தெரியாது. வண்டி ஓட வேண்டிய நேரத்தில் கண் சொக்குகிறது. ஓய்வு கிடைத்த நேரத்தில் வெக்கையும் கொசுவும் இரைச்சலும் உறங்க விடுவதில்லை. இதற்கு அவர் கண்டுகொண்ட வைத்தியம் எளியது, மலிவானதும்கூட. விழித்திருக்க உதட்டுக்கடியில் ஒரு சிட்டிகை ஹான்ஸ். உறங்க ஒரு குவார்ட்டர். மூட்டை சுமப்பவருக்கு அதே குவார்ட்டர் முதுகுவலிக்கான மருந்து.

போதை இங்கே கேளிக்கையாக அல்ல, வேலைக்கான கருவியாகவே நுழைகிறது என்பது என் எண்ணம். வேலையை நாம் வாங்கிக்கொள்கிறோம். கருவிக்காக மட்டும் அவரைத் திட்டுகிறோம்.

ஆனால் இக்கருவி நெடுநாள் கருவியாகவே இருப்பதில்லை. மது சீக்கிரம் உறக்கத்தைக் கொண்டுவரும். இரவின் பின்பாதியில் அவ்வுறக்கத்தைத் துண்டு துண்டாக்கியும் விடும். விடியலில் எழுபவர் உறங்காதவரைப் போலவே எழுகிறார். எனவே மீண்டும் புகையிலை. நிக்கோட்டினோ இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். எனவே மீண்டும் ஒரு சிட்டிகை. ஒன்று உண்டாக்கும் குறையை மற்றது ஈடுகட்டுகிறது. நாள்தோறும் மதுவால் அடக்கப்படும் மூளை தன்னைத்தானே முடுக்கிக்கொண்டு சமன் செய்துகொள்கிறது. மதுவைத் திடீரென நிறுத்தினால் அம்முடுக்கம் மட்டும் எஞ்சுகிறது. கைநடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, இரண்டு மூன்று நாளில் பிரமை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ராபின்சனும் பெர்ரிட்ஜும் 1993இல் முன்வைத்த கருத்து இவ்விடத்தில் முக்கியமானது. விரும்புவதும் வேண்டுவதும் மூளையில் வெவ்வேறு பாதைகள் என்றார்கள் அவர்கள். பிடித்தம் தேய்ந்துபோன பிறகும் வேட்கை வளர்ந்துகொண்டே இருக்கலாம். “பிடிக்கவில்லை, ஆனால் விட முடியவில்லை” என்று குடிப்பவர் சொல்வது நாம் நினைப்பதுபோல் சாக்கு அல்ல.

அப்படியானால் தொட்டவரெல்லாம் ஏன் அடிமையாவதில்லை? மதுவைப் பொறுத்தவரை அபாயத்தில் ஏறத்தாழப் பாதி பிறப்போடு வருவது என்கின்றன இரட்டையர் ஆய்வுகள். மீதி சூழல். சூழலின் வலிமைக்கு லீ ராபின்ஸ் செய்த ஆய்வைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. 1971இல் வியட்நாமிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அங்கே ஹெராயின் போன்ற அபினிவகைப் போதைக்கு அடிமையாக இருந்தார்கள். ஊர் திரும்பிய முதலாண்டில் அவர்களில் மீண்டும் அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவே. போர்க்களம் பின்தங்கியதும் பெரும்பாலோருக்குப் பழக்கமும் பின்தங்கிவிட்டது. நம் ஓட்டுநரோ மறுநாளும் அதே வரிசைக்குத்தான் திரும்பியாக வேண்டும்.

கடையை மூடினால் தீராதா என்று கேட்பவர்களுக்கு 2020 ஒரு பாடம். மார்ச் 24 மாலை மூடப்பட்ட டாஸ்மாக் கடைகள் சென்னைக் காவல் எல்லைக்குள் ஆகஸ்ட் 18 அன்றுதான் திறந்தன. ஏறத்தாழ ஐந்து மாதம். சும்மா பழக்கத்திற்குக் குடித்தவர்கள் பலர் எளிதாகவே நிறுத்தினார்கள். முற்றிலும் அடிமைப்பட்டவர்களுக்கோ அது மருத்துவ நெருக்கடி. தமிழகத்தில் வார்னிஷையும் சவர லோஷனையும் குடித்து இறந்தவர்கள் உண்டு. குட்காவின் கதை இன்னும் வெளிப்படையானது. 2013இல் தமிழகத்தில் அது தடைசெய்யப்பட்டது. தடைக்குப் பிந்தைய ஆண்டுகளில் மாதவரத்தை அடுத்த செங்குன்றம் வட்டாரத்துக் கிடங்கிலிருந்து அது தாராளமாகப் போய்க்கொண்டிருந்ததையும், அதற்குக் கொடுத்த மாமூலுக்குக் கணக்கேடு இருந்ததாகச் சொல்லப்பட்டதையும், 2018இல் வழக்கு சி.பி.ஐ.க்குப் போனதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. தேவை அப்படியே இருக்கையில் தடையின் பலன் யார் பைக்குப் போகிறது என்றுதான் கேட்கிறேன்.

வள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தார். கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே வைத்தார். உரைகாரர்கள் இதற்கு என்ன காரணம் சொன்னாலும், குடியைத் தனிமனித ஒழுக்கத்தோடு நிறுத்தாமல் பொருளியலோடும் அரசோடும் சேர்த்து எண்ண இவ்வமைப்பு இடம் தருகிறது. 2023-24இல் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் மதுவால் ஈட்டிய அரசு அப்படி எண்ணுவதாகத் தெரியவில்லை. வரவை மட்டும் எண்ணுகிறது.

எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019இல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சையைப் பெறுகிறார் என்றது அது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை நாட்டுக்கே வழிகாட்டியது. ஆனால் அது இருப்பது நகரின் மறுகோடியில், இந்திரா நகரில். உள்நோயாளியாகச் சில வாரங்கள் தங்க வேண்டுமென்றால் ஓட்டுநர் வண்டிச் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வரும்போது அச்சாவி வேறொருவர் கையில் இருக்கும். மாதவரம் முனையத்திலேயே மாலை நேரப் புறநோயாளிப் பிரிவு ஒன்றும், கதவடைத்துப் படுக்க நூறு கட்டில்களும், சிகிச்சை நாட்களுக்குப் பாதிக் கூலியும் கேட்பது பேராசையாகாது. அத்தனையும் டாஸ்மாக்கின் ஒரு நாள் வரவுக்குள் அடங்கிவிடும்.